கைமணம் மட்டும் போதுமா?

ஒரு தெருவில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐவரும் நன்றாகச் சமைப்பார்கள். வளைகாப்பு, காதுகுத்து என்றால் தெருவில் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். சமைத்துக் கொடுத்தால் ஒரு புடவை கிடைக்கும். கொஞ்சம் பணமும் கிடைக்கும். "இதையே தொழிலாகச் செய்தால் என்ன?" என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

நல்ல எண்ணம்தான். தங்கள் இடத்தில் சமைக்க வேண்டும். விசேஷம் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பரிமாற வேண்டும். இதைச் சமையல் காண்ட்ராக்ட் என்பார்கள். கேட்டரிங் என்றும் சொல்வார்கள். ஓட்டல் வைக்கக் கடை வேண்டும். மேசை, நாற்காலி வேண்டும். இதற்கு அவை வேண்டாம்.

ஆனால் கைமணம் மட்டும் இருந்தால் தொழில் நிலைக்காது. காகிதமும் கணக்கும் வேண்டும். அவை எவை என்று பார்ப்போம்.

1. தொழில் யாருடையது?

ஒருவர் தனியாக நடத்தலாம். பலர் கூட்டாகவும் நடத்தலாம். கூட்டு என்றால் முதலில் ஒப்பந்தப் பத்திரம் எழுத வேண்டும். யார் எவ்வளவு முதல் போட்டார்? லாபத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? யார் கணக்கு எழுதுவார்? ஒருவர் விலகினால் அவர் பணம் எப்படித் திரும்பும்? எல்லாவற்றையும் முத்திரைத்தாளில் எழுதி, ஐவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும்? கூட்டுத் தொழிலுக்கு 1932ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பங்கு இவ்வளவு என்று பேசி முடிவு செய்யாவிட்டால், லாபமும் நட்டமும் எல்லாருக்கும் சமம் என்கிறது அந்தச் சட்டம். ஒருவர் 20,000 ரூபாய் போட்டிருப்பார். இன்னொருவர் 2,000 ரூபாய் போட்டிருப்பார். இருவருக்கும் ஒரே பங்குதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. கூட்டைப் பதிவாளரிடம் பதிவு செய்வதும் நல்லது. பதிவு செய்யாத கூட்டு, தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது.

2. பதிவும் உரிமமும்

நாட்டில் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 ஆகஸ்டு முதல் அது முழுமையாக நடப்பில் இருக்கிறது. உணவுத் தொழில் செய்பவர் பதிவோ உரிமமோ பெற வேண்டும். வீட்டில் சமைத்து விற்றாலும் பெற வேண்டும். சிறு தொழிலுக்குப் பதிவு. மற்றதற்கு உரிமம். சமையல் காண்ட்ராக்டுக்கு எது வேண்டும்? மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும். கட்டணத்தையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தரகர் சொல்லும் தொகையை நம்பிக் கொடுக்கக் கூடாது.

கிடைக்கும் எண்ணில் 14 இலக்கங்கள் இருக்கும். 2 என்று தொடங்கினால் அது பதிவு. 1 என்று தொடங்கினால் அது உரிமம். 2022 ஜனவரி முதல் இந்த எண்ணை ரசீதில் போட வேண்டும் என்று விதி வந்துள்ளது.

ஊராட்சி அல்லது நகராட்சியில் தொழில் உரிமம் வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். சிறு தொழில் என்று காட்ட உத்யம் பதிவு இருக்கிறது. இது 2020 ஜூலையில் தொடங்கியது. இதற்குக் கட்டணம் இல்லை.

பெரும்பாலான மாநிலங்களில், ஓர் ஆண்டின் வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். வரவு என்பது லாபம் அல்ல. மொத்தமாக வந்த பணம்.

அடுப்புக்கும் சட்டம் உண்டு. வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு எரிக்கக் கூடாது. தொழிலுக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பதும் குற்றம்.

3. இலைக்கு என்ன விலை?

ஐந்து பெண்களுக்கும் ஒரு வேலை வருகிறது. 100 இலைச் சாப்பாடு. ஒரு இலைக்கு 130 ரூபாய் என்று பேசுகிறார்கள். மொத்தம் 13,000 ரூபாய். மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்ந்து 7,200 ரூபாய். மிச்சம் 5,800 ரூபாய் என்று மகிழ்கிறார்கள். அது சரியா? முழுக் கணக்கைப் பார்ப்போம்.

மளிகை, காய்கறி, பால்: 7,200 ரூபாய்
எரிவாயு: 900 ரூபாய்
ஐந்து பேர் கூலி (500 வீதம்): 2,500 ரூபாய்
வண்டி வாடகை: 800 ரூபாய்
பாத்திர வாடகை: 600 ரூபாய்
இலை, குடிநீர்: 700 ரூபாய்
மொத்தச் செலவு: 12,700 ரூபாய்

உண்மையான லாபம் 300 ரூபாய்தான். ஒரு கரண்டி தொலைந்தால் அதுவும் போகும். தங்கள் கூலியைச் செலவில் சேர்க்கப் பெண்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காய் நறுக்குவதும் வேலைதான். அதற்கும் கூலி உண்டு.

இலைக்கு 150 ரூபாய் என்று பேசியிருந்தால் 15,000 ரூபாய் வந்திருக்கும். லாபம் 2,300 ரூபாய். முதலில் முழுச் செலவையும் எழுத வேண்டும். அதன் பிறகுதான் விலை சொல்ல வேண்டும்.

4. வாய்ப்பேச்சு போதாது

வீட்டார் 100 பேர் என்றார்கள். 100 பேருக்குச் சமைத்தாயிற்று. அன்று நல்ல மழை. 75 பேர்தான் வந்தார்கள். "75 இலைக்குத்தான் பணம்" என்கிறார்கள் வீட்டார். 75 இலைக்கு 11,250 ரூபாய். செலவோ 12,700 ரூபாய். நட்டம் 1,450 ரூபாய்.

"குறைவாக வந்தாலும் 90 இலைக்குப் பணம் தர வேண்டும்" என்று முன்பே எழுதியிருந்தால்? 13,500 ரூபாய் கிடைத்திருக்கும். நட்டம் இல்லை. 800 ரூபாய் லாபம்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். சட்டம் அதை ஏற்கும். ஆனால் பேசியது இதுதான் என்று எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் எழுத்து. ஒப்பந்தச் சீட்டு இப்படி இருக்கலாம்:

விசேஷம் நடக்கும் நாள், நேரம், இடம்: ..........
பண்டங்கள்: ..........
இலைகள்: ...... ஒரு இலைக்கு விலை: ......
குறைந்தது எத்தனை இலைக்குப் பணம்: ......
முன்பணம்: ...... மீதி தரும் நாள்: ......
விசேஷம் நின்றுபோனால் முன்பணம் என்ன ஆகும்: ..........
பாத்திரம், இலை, தண்ணீர், பரிமாற ஆள் யார் பொறுப்பு: ..........
இருவர் கையெழுத்து: ..........

இரண்டு படி எழுத வேண்டும். ஆளுக்கு ஒன்று. வீட்டார் ஒரு சீட்டைக் கொண்டுவந்தால், முழுவதும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. புரியாத வரியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

5. உணவு கெடக் கூடாது

இந்தத் தொழிலில் ஓரிடத்தில் சமைக்கிறார்கள். வேறு இடத்தில் பரிமாறுகிறார்கள். ஆபத்து இடையில்தான் இருக்கிறது. சமைத்த உணவு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதில் கிருமிகள் பெருகும். ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்தால் பல உயிர்களுக்கு ஆபத்து. ஐந்து குடும்பங்களின் பிழைப்பும் போய்விடும்.

சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். பரிமாறும்போது ஆவி பறக்க வேண்டும். தயிர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு வைக்கக் கூடாது. பாத்திரங்களை நன்றாக மூடி வண்டியில் ஏற்ற வேண்டும். குடிக்கத் தகுந்த நீரில்தான் சமைக்க வேண்டும். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளவர் அன்று சமையலுக்கு வரக் கூடாது. வராதவரைக் கோபிக்கவும் கூடாது.

ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, தேதி எழுதி, குளிர்பெட்டியில் ஒரு நாளாவது வைப்பது நல்லது. புகார் வந்தால் சோதித்துப் பார்க்க உதவும்.

6. முதலுக்குப் பணம்

கந்துவட்டிக்குப் போக வேண்டாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் வங்கிகள் சிறு தொழிலுக்குக் கடன் தருகின்றன. சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். இதற்குச் சொத்து அடமானம் இல்லை. ஆனால் இது இனாம் அல்ல, கடன். தவணை தவறக் கூடாது. தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் கலந்தால் இரண்டுமே கரையும்.

செய்து காட்டியவர்கள்

கேரளத்தில் 1998ஆம் ஆண்டு மே மாதம் குடும்பஸ்ரீ இயக்கம் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். பல குழுக்கள் இன்று உணவகமும் கேட்டரிங்கும் நடத்துகின்றன. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. அப்போது உள்ளாட்சிகளோடு சேர்ந்து இந்தப் பெண்கள் சமூகச் சமையலறைகளை நடத்தினார்கள். வீட்டுச் சமையல்தான் அவர்கள் கற்ற தொழில். கூட்டமும் கணக்கும் எழுத்தும் அதை நிலைநிறுத்தின.

பயிற்சி

1. ஒப்பந்தச் சீட்டை உங்கள் நோட்டில் எழுதி நிரப்புங்கள்.
2. 50 இலை. ஒரு இலைக்கு 160 ரூபாய். மொத்தச் செலவு 7,100 ரூபாய். லாபம் எவ்வளவு?
3. உங்கள் ஊரில் உணவுப் பாதுகாப்பு அலுவலகம் எங்கே இருக்கிறது? கேட்டு எழுதுங்கள்.
4. கூட்டுத் தொழிலில் ஒருவர் விலகினால் அவருடைய பணத்தை எப்படித் திருப்பித் தருவது? குழுவில் பேசுங்கள்.