உடவளவைக்கு ஒருநாள் பயணம்: முன்கூட்டியே போடும் கணக்கு



யானை என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது பின்னவலை. நம் கேகாலை மாவட்டத்தில் 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயம் அது. ஆனால் காட்டில் தன்பாட்டுக்கு மேயும் யானையைப் பிள்ளைகளுக்குக் காட்ட உடவளவைக்குப் போகலாம். அதற்கு எப்படித் திட்டமிடுவது என்பதே இம்மாதப் பாடம்.

1. இடத்தை அறிவோம்

வளவை கங்கையை மறித்துப் பெரிய நீர்த்தேக்கம் கட்டியபோது காட்டு விலங்குகள் இடமிழந்தன. அவற்றுக்குப் புகலிடமாக 1972ஆம் ஆண்டு தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 308 சதுர கிலோமீற்றர். ஒரு பகுதி நம் இரத்தினபுரி மாவட்டத்திலும் மறுபகுதி மொனராகலை மாவட்டத்திலும் இருக்கிறது. யானை, எருமை, மரை, புள்ளிமான், முதலை, மயில் எல்லாம் அங்கு உண்டு.

2. காசுக் கணக்கு

"அண்ணே, பஸ்ஸோடயே உள்ள போயிறலாமா?" என்று பலர் கேட்பார்கள். முடியாது. காட்டு மண்பாதைக்குப் பஸ் ஏற்றதல்ல. வாசலில் ஜீப் பிடிக்க வேண்டும். நுழைவுச் சீட்டுக்கு ஒரு காசு, ஜீப்புக்கு வேறு காசு. ஒரு ஜீப்பில் ஆறு பேர் என்று வைத்தால், 48 பேருக்கு எட்டு ஜீப் தேவை. பஸ் கூலியை மட்டும் சேர்த்துக்கொண்டு போனால் வாசலில்தான் விஷயம் தெரியவரும். பாதிப் பிள்ளைகள் உள்ளே, பாதிப் பிள்ளைகள் வெளியே என்ற நிலை வரக்கூடாது.

ஆகவே முதலில் பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி அன்றைய கட்டணங்களைக் கேளுங்கள். பஸ், ஜீப், நுழைவுச் சீட்டு, சாப்பாடு நான்கையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். மூன்று நான்கு மாதம் சீட்டுப் பிடிப்பதுபோல் சிறுகச் சேர்க்கலாம். சேர்ந்த காசையும் செலவையும் எல்லோரும் பார்க்க ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

3. நேரக் கணக்கு

வேலை நாளில் போனால் ஒரு பேர் போய்விடும். ஞாயிறு நல்லது. கரவனெல்லையிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகப் போக நாலு மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் காட்டுக்குள் இருக்கலாம். விலங்குகள் வெளியே வருவது காலையிலும் மாலையிலும்தான். பகல் ஒன்றரைக்குத் திரும்பினால் இருட்டுமுன் லயத்துக்கு வந்துவிடலாம். பெரியவர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

4. குட்டிகளின் இல்லம்

பூங்காவுக்கு அருகில், தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது. 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கியது. பால் கொடுக்கும் நேரத்தில் தூர நின்று பார்க்கலாம், தொட முடியாது. மனிதரோடு பழகிவிட்டால் குட்டி காட்டில் பிழைக்காது என்பதே காரணம். இப்படி வளர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் காட்டுக்குத் திரும்பியுள்ளன. ஜீப்புக்குக் காசு பற்றாவிட்டால் இதை மட்டுமாவது எல்லோருமாகப் பார்த்து வரலாம். பால் கொடுக்கும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

5. ஒழுங்கு

ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது. பொலித்தீன் பையை வீசக்கூடாது. தனமல்விலப் பாதையில் மின்வேலியோரம் யானைகள் பழத்துக்காகக் காத்து நிற்கும். "பாவம், ஒரு வாழைப்பழம் குடுப்போமே" என்று தோன்றும். கொடுக்காதீர்கள். அது சட்டத்துக்கு மாறானது. ருசி கண்ட யானை வண்டிகளை மறிக்கப் பழகும். பிறகு வருகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து.

சிந்திக்க:

• உங்கள் லயத்திலிருந்து 30 பேர் போனால் எத்தனை ஜீப் வேண்டும்?
• குட்டிகளைத் தொட விடாதது ஏன்?
• கணக்குக் கொப்பியை உங்களில் யார் வைத்திருப்பது?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்ததும் திகதி குறியுங்கள். பயணம் இனிதாகட்டும்!