ஒலிம்பிக் அரங்கில் பூட்டான்

பதக்கப் பட்டியலை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் விளையாட்டு வளர்ச்சியை அளப்போருக்குப் பூட்டானைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. 2024 பாரிஸ் போட்டிகள் முடிய, அந்நாடு ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் பெறவில்லை. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை எட்டு இலட்சத்திற்கும் குறைவு; நம் நாட்டின் பல மாவட்டங்கள் இதனினும் பெரியவை. எனினும், சிறு நாடுகள் உலக அரங்கில் பங்கு பெறுவதன் பொருளை ஆராய்வோருக்கு இந்நாட்டின் அனுபவம் பயனுள்ள பாடமாகும்.

பூட்டானின் ஒலிம்பிக் குழு 1983-இல் அமைந்தது. மறு ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிகளுக்கு மூன்று ஆடவரும் மூன்று மகளிருமாக ஆறு வில்லாளிகள் சென்றனர். வில்வித்தை அந்நாட்டின் தேசிய விளையாட்டு. ஊர்த் திருவிழாக்களில் ஆடவர் அம்பெய்ய, மகளிர் ஆடிப்பாடி ஊக்குவிப்பதே பழைய வழக்கம். ஆகவே முதல் அணியிலேயே மகளிர் சரிபாதி இடம் பெற்றது கருதத்தக்கது.

தேசிய விளையாட்டாயிருந்தும் வெற்றி ஏன் எளிதில் கிட்டவில்லை? மரபுவழி ஆட்டத்தில் இலக்கு ஏறத்தாழ 140 மீட்டர் தொலைவில் நிற்கும் சிறு மரப்பலகை. ஒலிம்பிக்கிலோ 1992 முதல் தனிநபர் போட்டி 70 மீட்டர் தொலைவில் நடைபெறுகிறது. தொலைவு பாதியாயிற்று என்பதால் வேலை எளிதாகிவிடவில்லை. வில்லும், குறிபார்க்கும் முறையும், புள்ளிக் கணக்கும் வேறு. மூங்கில் வில்லில் கைதேர்ந்தவரும் புதிதாகப் பயிற்சி தொடங்க வேண்டும். அதற்குப் பயிற்சியாளரும், கருவிகளும், வெளிநாட்டுப் போட்டி அனுபவமும் வேண்டும். இவை யாவும் பணச்செலவு.

இத்தகைய நாடுகளுக்கென ஒலிம்பிக் இயக்கம் அழைப்பு இடங்களை ஒதுக்குகிறது. தகுதிச் சுற்றில் வெல்லாதவரும் இதனால் பங்கேற்கலாம். இவ்வேற்பாடு தேவையானதே; ஆயினும் அழைப்பையே நம்பியிருப்பது பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. பூட்டான் அதைக் கடக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2019-இல் பாங்காக்கில் வில்லாளி கர்மா என்ற பெண்மணி, அந்நாட்டினருள் முதன்முதலாகத் தம் திறமையால் ஒலிம்பிக் தகுதி பெற்றார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியின் முதல் சுற்றில் இந்தியாவின் தீபிகா குமாரியிடம் அவர் தோற்றார்; எனினும் தகுதிபெற்று வந்த தோல்விக்குத் தனி மதிப்புண்டு.

விளையாட்டுகளின் எண்ணிக்கையும் மெல்லப் பெருகியது. 2008 வரை வில்வித்தை ஒன்றே. 2012-இல் துப்பாக்கி சுடுதல் சேர்ந்தது. டோக்கியோவில் ஜூடோவும் நீச்சலும் இணைந்தன. மலைநாட்டிலிருந்து நீச்சல் வீரர் புறப்படுவது சிறு செய்தியன்று. பாரிஸில் மகளிர் மாரத்தான் ஓடிய கின்சாங் லாமோ, வெற்றி பெற்றவருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னதாகக் கடைசியாக இலக்கை அடைந்தார். வழியெங்கும் மக்கள் கைதட்டி அவருடன் நடந்தனர். பலர் இடையில் விலகிய அந்த ஓட்டத்தை அவர் முழுமையாக ஓடி முடித்திருந்தார்.