பன்னிரண்டு கிலோவா, பதினான்கா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ, தெம்பனிஸில் ஒன்பதாம் மாடி வீடு, சனிக்கிழமைதோறும் புலாவ் உபின், கையில் 5,000 வெள்ளி என்று கேட்காமலே எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். பதில் எழுத அது பெரிய உதவி. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்களில் எது எடை குறைவு?" அந்தக் கேள்வியோடு கடைக்குப் போகாதீர்கள். கார்பன் ஃப்ரேமைத்தான் காட்டுவார்கள். உங்கள் பணம் முழுவதும் அந்த ஃப்ரேமிலேயே கரைந்துவிடும்.

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் எல்லாவற்றிலும் உயர்ந்த புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். நம் பாதைகளில் நீண்ட ஏற்றமும் கிடையாது, நீண்ட இறக்கமும் கிடையாது. வேர், கல், ஒரு குட்டி மேடு, சட்டென்று ஒரு திருப்பம், உடனே அடுத்த மேடு. உபினில் பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி அமைந்த கேத்தாம் சைக்கிள் பூங்காவும் அப்படித்தான், செஸ்ட்நட் பூங்காவும் அப்படித்தான். ஒரு மணி நேரம் சுற்றினால், மிதிக்காமல் உருண்ட நேரம் மிகச் சொற்பமாகவே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மடக்க முடியாத சைக்கிளை எம்ஆர்டியில் ஏற்ற விடமாட்டார்கள். கார் இல்லாத உங்களுக்குப் பூங்கா இணைப்புப் பாதைதான் வழி. சாங்கி படகுத்துறை வரை மிதித்து, படகேறி, உபினில் ஆசை தீர ஓட்டி, களைத்த காலோடு அதே வழியில் வீடு திரும்ப வேண்டும். பலவற்றுக்கும் பயன்படும் சைக்கிள் என்றால் நமக்குப் பொருள் இதுதான்: சமதளத்தில் உயிரை வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வேரிலும் கல்லிலும் கைவிடாமல் இருக்க வேண்டும்.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எடையை அல்ல, டிராவலை. அதாவது சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் மேலெழும்பி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்பதை. பந்தய வண்டிகளில் 100 முதல் 120 வரை இருக்கும். டிரெயில் வகை என்று சொல்லப்படுபவை ஏறத்தாழ 120 முதல் 150 வரை. 160ஐத் தாண்டினால் பெரிய மலைகளில் வேகமாக இறங்குவதற்கானவை. உங்களுக்கு நான் சொல்வது பின்னால் 120, முன்னால் 130. கொஞ்சம் கூடினாலும் 140க்கு மேல் வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கியது 160. கடை வாசலில் நடைபாதை விளிம்பிலிருந்து இறக்கிப் பார்த்தேன். மெத்தையில் இறங்கியது போலிருந்தது, மயங்கிவிட்டேன். 16 கிலோ. உபின் மேடுகளில் ஒவ்வொரு மிதிக்கும் ஷாக் அமுங்கி எழுந்தது. கால் கொடுத்த உழைப்பில் ஒரு பங்கை அது தின்றது. அதைவிட வருத்தம், பாதையே எனக்குத் தெரியாமல் போனது. சின்ன மேட்டில் அழுத்தி எழும்பலாம் என்றால் சதுப்பில் நின்று குதிப்பது போலிருக்கும். ஒரு வருடத்தில் விற்றுவிட்டு 120க்கு இறங்கினேன். அன்றைக்குத்தான் கேத்தாமின் கற்களை முதன்முறையாகக் காலால் உணர்ந்தேன்.

டிராவல் குறைந்தால் இறக்கத்தில் பயமாக இருக்காதா என்று கேட்பீர்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது ஃப்ரேமின் கோணங்கள் மாறிவிட்டன. ஃபோர்க் செங்குத்தாக நிற்காமல் முன்னால் சாய்ந்திருப்பதால் சரிவில் தலைகுப்புற விழுவோம் என்ற அச்சம் குறைகிறது. சாண்டா க்ரூஸ் டால்பாயின் ஐந்தாம் பதிப்பில் டிராவல் 120/130தான், ஆனால் முன்கோணம், அதாவது ஃபோர்க்கின் சாய்வு, 66 பாகைக்கும் சற்றுக் குறைவு. டிரான்சிஷன் ஸ்பர் முன்னும் பின்னும் 120, கோணம் 66. இரண்டும் உங்கள் பணத்துக்கு எட்டாதவை. ஆனால் கடையில் எந்த வண்டியைப் பார்த்தாலும் அதன் விவரத்தாளில் 65க்கும் 66½க்கும் இடையில் ஒரு முன்கோணம் இருக்கிறதா என்று தேடுங்கள். சீட் குழாயின் கோணம் 76ஐ ஒட்டி இருந்தால் ஏற்றத்தில் இடுப்பு பெடலுக்கு நேர் மேலே நிற்கும். உங்கள் உயரத்துக்கு மீடியம் அளவு, ரீச், அதாவது பெடல் அச்சிலிருந்து ஃப்ரேமின் முன்குழாய் வரையிலான கிடைத் தூரம், 450 மில்லிமீட்டர் பக்கம்.

மலைச் சைக்கிள் விளையாட்டின் பிறப்பே இறக்கத்தில்தான். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளில் ஒரு மலைப்பாதையில் பந்தயம் விட்டார்கள். சுமார் 3.4 கிலோமீட்டரில் 400 மீட்டர் சரிவு. கீழே வந்து சேரும்போது பின்சக்கரத்து பிரேக்கின் கிரீஸ் கருகிப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். அந்தக் கனத்த வண்டிகளில் மேலே ஓட்டி ஏறுவது பெரும்பாடு. ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும் என்ற ஆசையிலிருந்து வந்ததுதான் நீங்கள் இன்று தேடும் சைக்கிள்.

இனி எடைக்கு வருகிறேன். நீங்களும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 84 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைத்தால் மொத்தத்தில் 1.2 சதவீதம். பத்து நிமிடச் செங்குத்து ஏற்றத்தில் ஏழு விநாடி மிச்சமாகும். பத்து நிமிட ஏற்றமே நம் ஊரில் இல்லை. அந்த ஒரு கிலோவுக்காக அலுமினியத்தை விட்டுக் கார்பனுக்குப் போனால் விலை சில ஆயிரம் வெள்ளி ஏறும். எடை உண்மையில் உறைக்கும் இடம் வேறு: 12 பேர் ஏறும் படகில் ஆடும் விளிம்பைத் தாண்டி வண்டியைத் தூக்கி வைக்கும் கணம், மேம்பாலப் படிகள், மேட்டுத் திருப்பத்தில் முன்சக்கரத்தை இழுத்துத் திருப்புவது. அங்கெல்லாம் 16க்கும் 14க்கும் வித்தியாசம் தோளுக்குத் தெரியும். 14க்கும் 13க்கும் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே 14 கிலோவை ஒட்டிய அலுமினிய வண்டி போதும். 15 என்றாலும் மனம் தளர வேண்டாம். இந்தோனீசியாவின் பாலிகன் நிறுவனத்தின் சிஸ்கியூ டி வரிசையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டிராவல் 140ஐ ஒட்டியது, எடை கொஞ்சம் கூடுதல், ஆனால் கையில் பணம் மிஞ்சும்.

மிஞ்சும் பணத்தைச் சக்கரத்தில் போடுங்கள். சுழலும் பகுதியில் குறைக்கும் எடையை, நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கால் உணரும். நம் பாதைகளில் நின்று கிளம்புவதே வேலை. ஆனால் டயரில் மட்டும் கஞ்சத்தனமாக எடை குறைக்காதீர்கள். மெல்லிய பக்கச்சுவர் உள்ள பந்தய டயர் குவாரிக் கல்லில் கிழியும், அப்புறம் படகுத்துறை வரை நடைதான். 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல டயர், முன்னால் நல்ல பிடிமானம், பின்னால் எளிதாக உருளும் தன்மை, டியூப் இல்லாமல். உங்கள் எடைக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். உள்ளே ஊற்றும் பசைத் திரவம் நம் வெக்கையில் சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இறங்கி உயரும் சீட் கம்பம், அதாவது டிராப்பர், கட்டாயம் வேண்டும். 150 மில்லிமீட்டராவது இறங்கட்டும். கியரில் ஷிமானோ டியோர் 12 வேகம் தாராளமாகப் போதும். அதன் பல்சக்கரத் தொகுதி 10–51. விலை பல மடங்கான எக்ஸ்டிஆரிலும் அதே 10–51தான், எடைதான் வேறு.

வண்டி வந்ததும் முதல் வேலை ஷாக் பம்பு வாங்குவது. எவ்வளவு நல்ல சஸ்பென்ஷனும் உங்கள் எடைக்குக் காற்று அடைக்காவிட்டால் வீண். ஓட்டும் உடையோடு, முதுகுப்பையோடு ஏறி, சுவரைப் பிடித்தபடி அசையாமல் உட்காருங்கள். ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு மெல்ல இறங்குங்கள். தண்டின் ஓட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் வளையம் 12லிருந்து 13½ வரை நகர்ந்திருக்க வேண்டும். அதிகம் நகர்ந்தால் காற்றைக் கூட்டுங்கள், குறைந்தால் இறக்குங்கள். என் 160 வண்டிக்கு இதைக்கூட யாரும் செய்து காட்டவில்லை. செய்திருந்தால் அதன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

உபின் போய் வந்த அன்றே உப்பும் சேறும் போகக் கழுவித் துடையுங்கள். இணைப்புகளின் பேரிங்குகள் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பராமரிக்க, ஃபோர்க் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் நிறுவனம் சொல்லும் கணக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்கள் ஓட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு மாதம்.

இரண்டு மூன்று வண்டிகளைத் தேர்ந்ததும் அவற்றின் விவரத்தாள்களை அனுப்புங்கள். வாங்கிய பிறகு வரும் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாங்கி படகுத்துறைக்கு வந்துவிடுகிறேன். பம்பு நான் கொண்டு வருகிறேன். படகில் உங்கள் வண்டியைத் தூக்கி வைக்கும்போது ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்