டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு எவ்வகைப் பயிற்சி?

மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் பெறும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, "இனி எங்கே அனுப்புவது?" என்பதே. தெருமுனை டியூஷன், கைப்பேசிச் செயலி, நிறக் கண்ணாடி, மூளைத்திறன் வகுப்பு என ஆளுக்கொரு வழி சொல்வார்கள். தவறான வழியில் பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். எட்டு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சி பத்து வயதுக்குத் தள்ளிப்போனால், அதற்குள் அக்குழந்தை தன்னை "மக்கு" என்று நம்பத் தொடங்கிவிடும் என்பதே எங்கள் கவலை.

டிஸ்லெக்சியா அறிவுக்குறைவன்று, சோம்பலும் அன்று. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிந்து, அவற்றை எழுத்தோடு விரைவாக இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடே அது. இதைத் தெளிவாக மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தப் பயிற்சி பயன்தரும், எது தராது என்பதைப் பெற்றோரே பெருமளவு கண்டுகொள்ளலாம். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைத் தொடாத பயிற்சி, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், வாசிப்பை வளர்க்காது. கண் பயிற்சிகளும் நிறக் கண்ணாடிகளும் டிஸ்லெக்சியாவுக்குத் தீர்வு என்பதற்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அந்நாட்டுக் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. ஆனால், பார்வையையும் செவித்திறனையும் ஒருமுறை சோதித்துவிடுவது அவசியம். அது வேறு செய்தி.

பல பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் 'ஆர்ட்டன் – கில்லிங்காம்' என்னும் பெயரைக் காணலாம். நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் ஆனா கில்லிங்காமும் 1930-களில் அமெரிக்காவில் உருவாக்கிய அணுகுமுறை அது. எளிய ஒலியிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகச் செல்லுதல், எதையும் ஊகத்துக்கு விடாமல் நேரடியாகக் கற்பித்தல், கற்றதை மீண்டும் மீண்டும் பழக்குதல், கண், செவி, கை மூன்றையும் ஒருசேர ஈடுபடுத்துதல் ஆகியவை அதன் அடிப்படைகள். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்களே, அதுவும் ஏறத்தாழ இதுதான்! ஆகவே, பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. இந்நான்கும் வகுப்பில் உண்மையாகவே நடக்கின்றனவா என்று பாருங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்துக்கென அமைந்த பாடத்திட்டத்தை அப்படியே தமிழுக்குப் பொருத்த முடியாது. 'கொ' என்னும் எழுத்தில் ஒரே உயிரொலிக்குரிய குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. 'கெ' என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ககரம் 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்று சொற்களிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. ல, ள, ழ மயக்கத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்து 247 எழுத்துகளையும் ஒப்பிக்கும் குழந்தை 'கொடி' என்னும் சொல்லில் தடுமாறுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வரிசையாக ஒப்பித்தல் வாசிப்பாகாது. ட, ப, ம போன்ற சில எழுத்துகளை மட்டும் கற்பித்து, உடனே படம், மடம், பட்டம் எனச் சொல் அமைக்கப் பழக்கி, பிறகு ஒவ்வொரு குறியாகச் சேர்க்கும் ஆசிரியரே இப்பணிக்கு உகந்தவர். தமிழில் பிழையின்றி, ஆனால் மிக மெதுவாக வாசிக்கும் பிள்ளை, ஆங்கிலத்தில் ஊகித்துப் பிழையாக வாசிக்கக்கூடும். எனவே இரு மொழிகளிலும் மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள்.

ஆசிரியரைச் சந்திக்கும்போது, "முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "பள்ளிப் பாடத்தை முடித்துக் கொடுப்போம்" என்பது விடையானால், அது டியூஷன். நீங்கள் தேடுவது அதுவன்று. "குழந்தைக்கு எந்த ஒலிகள் தெரியும், எவை தெரியா என்று முதலில் சோதிப்போம்" என்றால் மேற்கொண்டு பேசலாம். "மூன்று மாதத்தில் முழுமையாகக் குணப்படுத்துவோம்" என்று உறுதி கூறுபவரிடமிருந்து விடைபெற்றுக்கொள்ளுங்கள். தவறாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுதவைப்பவரிடமிருந்தும்தான்.

வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பதைவிட, வாரம் மூன்று அல்லது நான்கு நாள்கள் நாற்பது நிமிடம் என்பதே நாங்கள் பரிந்துரைப்பது. ஒரு மணி நேரம் பேருந்தில் நின்று சென்று களைப்போடு அமரும் குழந்தைக்குப் புகழ்பெற்ற மையத்தைவிட வீட்டருகே உள்ள பயிற்சி பெற்ற ஆசிரியர் மேல்.

முன்னேற்றத்தை நீங்களே அளக்கலாம். மாதம் ஒருமுறை, குழந்தையின் நிலைக்கு ஏற்ற, முன்பு படித்திராத ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணித் தேதியுடன் குறித்துவையுங்கள். குழந்தையின் முன்னே முகம் சுளிக்காமல் இதைச் செய்ய வேண்டும், அதுதான் கடினம். நான்கைந்து மாதங்களாக எண்ணிக்கை அசையவில்லை என்றால், அக்குறிப்பேட்டை ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். எங்களிடமும் கொண்டுவாருங்கள்.

தேர்வுச் சலுகைகளைப் பெற்றால் பிள்ளையின் முயற்சி குறைந்துவிடுமோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சி.பி.எஸ்.இ. தேர்வில், உரிய சான்றிதழ் இருப்பின், மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் பெறலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று. சான்றிதழ் கிடைக்க நாளாகும் என்பதால், பொதுத்தேர்வு ஆண்டு வரை காத்திராமல் ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.