ஒரே ஒரு டொபிதானே?

"ஒரே ஒரு டொபிதானே குடுத்தேன் ஐயா" என்று பிள்ளைக்காம்பராவில் தாய்மார் சொல்வதுண்டு. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது.

சுவீடன் நாட்டில், லுண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்று ஓர் ஆஸ்பத்திரி. மனவளர்ச்சி குன்றியவர்கள் அங்கே இருந்தார்கள். 1945இல் அவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சாப்பாட்டோடு சீனி சாப்பிட்டவர்களுக்குப் பல் அதிகம் பழுதாகவில்லை. இடைநேரத்தில் ஒட்டுகிற டொபி தின்றவர்களுக்கோ வெகுவாகச் சொத்தை விழுந்தது. சிலருக்கு நாளைக்கு 24 டொபி! பாவம், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நமக்குக் கிடைத்த பாடம் அவர்கள் பல்லைக் கொடுத்து வந்தது.

இனிப்புப் பட்டதும் வாயிலுள்ள கிருமி அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். எச்சில் அதைச் சரிப்படுத்த அரை மணித்தியாலமாவது வேண்டும். அதற்குள் இன்னொரு வாய் சீனித் தேத்தண்ணி குடித்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை.

ஆகவே டொபியைப் பகல் சோற்றோடு கொடுத்து முடியுங்கள். சீனித் தேத்தண்ணிப் போத்தலை வாயில் வைத்தபடி பிள்ளையைத் தூங்க விடாதீர்கள். தானாகப் பல் விளக்க முடியாத பிள்ளை வீட்டில் இருந்தால், அழும்போதெல்லாம் டொபி கொடுத்துச் சமாதானப்படுத்தாமல், இரவில் புளோரைட் பற்பசை போட்டு நீங்களே விளக்கி விடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.