கொல்லைத் தோட்டம்: விதைக்கும் முன் நிழலை அளந்துவிடுங்கள்

ஸ்ரீரங்கத்தில் கொல்லையோடு இருக்கும் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மிச்சமிருக்கும் கொல்லைகளில் தோட்டம் போடுகிறவர்கள் ஆடியில் வெண்டை, கத்தரி என்று அள்ளுகிறார்கள். தைப்பட்டத்தில் அதே பாத்தியில் செடி நெட்டையாக வளர்ந்து, பூ பிடிக்காமல் நிற்கிறது. உடனே மண்ணைத் திட்டுவார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் வண்டல் மண்ணைக் குறை சொல்ல வாய் எப்படித்தான் வருகிறதோ!

குற்றம் மண்ணில் இல்லை, நிழலில் இருக்கிறது. திருச்சி ஏறக்குறைய 10.8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம்வரை உச்சிவெயில் நமக்குச் சற்று வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. ஜூன் கடைசியில் பத்தடி மதிலின் உச்சிவேளை நிழல் தெற்கே இரண்டடிக்குச் சற்று மேல்தான். மார்கழியில் அதே மதிலின் நிழல் வடக்கே ஏழடி நீளும். இருபதடி உயர மாடி வீடு என்றால் பதின்மூன்று, பதினான்கு அடி. ஆடியில் பளிச்சென்று இருந்த பாத்தி தையில் இருண்டு கிடப்பது இதனால்தான்.

ஆகவே தெற்கே நிற்கும் சுவர், மாடி, மரம் எதுவானாலும் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை வடக்கே தள்ளி அளந்து, அந்த இடத்தைக் காய்கறிக்கு ஒதுக்காமல் விடுங்கள். கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் மார்கழியில் ஒரு நாள் கோலமாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டேகால், மாலை மூன்று என மூன்று தடவை நிழலின் ஓரத்தில் கோடு போடுங்கள். (நம் ஊரில் அப்போது சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டேகாலுக்குத்தான்.) மூன்று கோட்டுக்கும் வெளியே விழும் இடம் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய்க்கு. இவற்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கோட்டுக்கு உள்ளே அரை நாள் வெயில் வரும் இடத்தில் கீரை, புதினா, கொத்தமல்லி. வெயிலே எட்டாத மூலையில் எரு மக்கும் குழி.

தெற்குப் பார்த்த வாசல் என்றால் கொல்லை வடக்கே போய்விடும். வீடே நிழல் கட்டும். அவர்கள் கொல்லையின் கடைக்கோடியில் பாத்தி போடட்டும், அல்லது மொட்டை மாடிக்குப் போகட்டும். கிழக்கே கொல்லை அமைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மேற்கே அமைந்தால் பங்குனி, சித்திரை பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டாமல் முடியாது.

இது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். உயரமானவை எல்லாம் வடக்கு ஓரத்துக்கு: புடலை, பீர்க்கை, பாகல், அவரைக்கு ஒரே பந்தல், அதன் உயரம் ஆறடிக்கு மேல் வேண்டாம், கை எட்ட வேண்டும். முருங்கையும் அங்கேதான். பி.கே.எம்.1 விதை போட்டு, இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிளை விட்டு ஆறு மாதத்தில் காய்க்கும். கிள்ள மனசு வராதவர்கள் பிறகு தொரட்டியோடு அலைவார்கள். கொல்லைப்படி அருகே மட்டும் முருங்கை வேண்டாம். மழைக்காலத்தில் மரமெல்லாம் கம்பளிப்பூச்சி.

பாத்தியின் அகலம் நான்கடி, நடைபாதை ஒன்றரை அடி. மதிலை ஒட்டிய பாத்தி என்றால் இரண்டடி போதும், ஒரு பக்கத்திலிருந்துதானே கை விட முடியும். நடைபாதையை வளைத்து நெளித்துப் போடாதீர்கள். படத்தில் நன்றாக இருக்கும், குடத்தோடு நடக்க முடியாது.

அழகுக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்டுக்கீரை ஒரு வரிசை, சிவப்புத் தண்டுக்கீரை ஒரு வரிசை என்று மாற்றி விதைத்தாலே ஜமக்காளம் விரித்த மாதிரி இருக்கும். பாத்தி ஓரமெல்லாம் செண்டுமல்லி. பூவும் ஆச்சு, வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவுக்கும் தடுப்பு. சிறுகீரையை மொத்தமாகத் தூவாமல் வாரத்துக்கு ஒரு பிடி தூவுங்கள். இருபத்தைந்து நாளில் பறிக்கலாம், பிறகு வாரம் தவறாமல் கீரை வரும். கறிவேப்பிலை, மிளகாய், கொத்தமல்லி மூன்றும் அடுப்படியிலிருந்து பத்தடிக்குள் வெயில் வருகிற இடமாகப் பார்த்து இருக்கட்டும். தாளிக்கிற நேரத்தில் கொல்லைக் கோடிக்கு யார் ஓடுவது?

பாத்திரம் கழுவும் தண்ணீரை நேராகக் காய்கறிப் பாத்திக்கு விடாதீர்கள். முதலில் கல்வாழை, அதைத் தாண்டி ஒரு வாழை. என் ஓட்டு பூவனுக்கு. இலையும் நல்ல இலை, தாரும் வரும். கன்று வாங்கும்முன் சந்தேகம் இருந்தால் தோகைமலை சாலையில் தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஒரு நடை போய்வரலாம். காய்ந்த வாழைச் சருகை வீசிவிடாமல் செடியடியில் மூடாக்காகப் போட்டால் சித்திரையில் ஈரம் காக்கும். அந்த மாதத்தில் தக்காளி நடுகிறவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

மாடிக்குப் போகிறவர்கள் செம்மண், மக்கிய எரு, தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம பங்கு கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகுதான் கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தளம் ஓதம் இழுக்காது.

வெண்டை பத்துச் செடி ஒரு வீட்டுக்குத் தாராளம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டாரைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். காயை முற்றவிட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.