வரப்பைத் தள்ளினால் வயல் பெருகுமா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலுள்ள லினக்ஸ் கணிப்பொறியின் 256 ஜி.பி. வட்டு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1 டி.பி. கொள்ளளவுள்ள புதிய வட்டை வாங்கி, பழையதில் இருப்பதை ஒரு பிட்கூட விடாமல் அதில் படியெடுக்கிறீர்கள். கணிப்பொறி நன்றாகவே இயங்குகிறது. ஆனால் இடம் எவ்வளவு என்று கேட்டால், பழைய அளவையே சொல்கிறது! மீதி முக்கால் பங்கு எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. அங்கே இடம் இருப்பது கணிப்பொறியின் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கு ஓரிடத்தில் அன்று, இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இதை அறியாமல் கைவைப்பவர்கள்தாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்களையும் பாடக்குறிப்புகளையும் இழக்கிறார்கள்.

வட்டு என்பது எண்ணிட்ட சிற்றறைகளின் நீண்ட வரிசை. ஓர் அறைக்குச் செக்டர் என்று பெயர். அதில் 512 பைட் அடங்கும். 256 ஜி.பி. வட்டில் பொதுவாக 50,01,18,192 செக்டர்களும், 1 டி.பி. வட்டில் 1,95,35,25,168 செக்டர்களும் உண்டு. ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை ஒரு பிரிவு’ என்று குறிக்கும் அட்டவணை வட்டின் தொடக்கத்தில் இருக்கும். பிரிவைப் பார்ட்டிஷன் என்பார்கள். இது நிலத்துக்கு வரப்புப் போடுவது போன்றது.

வரப்புக்குள் பாத்தி கட்டுவது வேறொன்றின் வேலை. அதுவே கோப்பமைப்பு. லினக்ஸில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்-4 கோப்பமைப்பை எடுத்துக்கொள்வோம். அது இடத்தை 4,096 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்பதைக் கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பை எழுதுவதற்கும் ஒரு கட்டமே ஒதுக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் 4,096 × 8 = 32,768 பிட்கள். ஆகவே ஒரு குறிப்பேட்டால் 32,768 கட்டங்களை, அதாவது 13,42,17,728 பைட்களை மேற்பார்வையிட முடியும். இதுவே ஒரு பாத்தி. பழைய வட்டு முழுவதிலும் சுமார் 1,900 பாத்திகள் அடங்கும். புதியதிலோ சுமார் 7,450. மொத்தக் கட்டங்கள் எத்தனை என்பது, பிரிவின் தொடக்கத்திலிருந்து 1,024 பைட் தள்ளித் தொடங்கும் தலைக்குறிப்பில் பதிவாகியிருக்கும்.

இனி முறை தானே விளங்கும். பெரிதாக்கும்போது முதலில் வரப்பு, பிறகு பாத்தி. சிறிதாக்கும்போது இது தலைகீழ்: முதலில் பயிரை உள்ளே ஒதுக்கிவிட்டு, அதன்பின் வரப்பைக் குறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பயிர் வரப்புக்கு வெளியே நிற்கும்.

வேலையைத் தொடங்குமுன் பழைய வட்டைக் கழற்றி, பத்திரமாக எடுத்து வையுங்கள். அதுவே உங்கள் காப்புப்படி. புதியது ஒழுங்காக இயங்கும்வரை அதை அழிக்காதீர்கள். இரண்டையும் ஒருங்கே இணைத்திருப்பதும் நல்லதன்று. படியெடுத்ததால் அடையாள எண்கள் ஒன்றாகவே இருக்கும்; எது எதுவென்று கணிப்பொறி குழம்பும்.

பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, முதலில் கோப்பமைப்பைச் சோதியுங்கள். பழுதுள்ள கோப்பமைப்பை விரிக்கவே கூடாது. அடுத்து, இக்காலத்து ஜி.பி.டி. அட்டவணையில் ஒரு நுட்பம் உண்டு. அதன் மறுபடி வட்டின் கடைசியில் இருக்க வேண்டும். படியெடுத்த வட்டிலோ அது நடுவில், பழைய கடைசிச் செக்டரான 50,01,18,191-இல் நிற்கிறது. ‘பார்ட்டெட்’ என்ற நிரல் இதைக் கண்டுபிடித்து, சரிசெய்யட்டுமா என்று கேட்கும். இணங்குங்கள்.

இப்போது வரப்பு. உங்கள் பிரிவு வட்டின் கடைசிப் பிரிவாக இருந்தால், அதன் முடிவெண்ணை மட்டும் மாற்றினால் போதும். ‘எஃப்டிஸ்க்’ நிரலில் பிரிவை நீக்கிவிட்டு மீண்டும் உண்டாக்கச் சொல்வார்கள். கேட்கவே நடுக்கமாக இருக்கும்! ஆனால் அழிவது அட்டவணையின் ஒரு வரிதான்; பயிருக்கு ஒன்றும் ஆகாது. தொடக்க எண் மட்டும் பழையதாகவே இருக்க வேண்டும். ஒரு செக்டர் பிசகினாலும் தலைக்குறிப்பு தேடிய இடத்தில் கிடைக்காது. ஆகவே அந்த எண்ணை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்-4 அடையாளத்தை அழிக்கட்டுமா என்றும் அந்த நிரல் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, ‘ரீசைஸ்2எஃப்எஸ்’ என்ற கட்டளை புதிய பாத்திகளைக் கட்டி, தலைக்குறிப்பிலுள்ள எண்ணிக்கையை உயர்த்தும். பழைய கோப்புகளை இடம்பெயர்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. ஆகவே வேலை விரைவில் முடிந்துவிடும்.

காலியிடம் பிரிவுக்கு முன்னால் இருந்தால் கதை வேறு. தொடக்க எண்ணே மாறுவதால் எல்லாவற்றையும் நகர்த்தியாக வேண்டும். 200 ஜி.பி.யை வினாடிக்கு 100 எம்.பி. வேகத்தில் நகர்த்த 2,000 வினாடிகள், ஏறக்குறைய 33 நிமிடங்கள் ஆகும். இடையில் மின்சாரம் நின்றால் பாதிப் பயிர் பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகக் கிடக்கும். யு.பி.எஸ். இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இதையெல்லாம் முதலில் ஒரு வெற்றுப் பென்டிரைவில் செய்து பாருங்கள். அதில் 8 ஜி.பி. அளவில் ஒரு பிரிவு அமைத்து, சில கோப்புகளை இட்டு, 16 ஜி.பி.யாக விரியுங்கள். 1 ஜி.பி. என்பதை 100 கோடி பைட் என்று கொண்டால், புதிதாக எத்தனை பாத்திகள் சேரும்?